பச்சையம்மாள் வேஷம்

பச்சையம்மாள் எழுந்து நின்று, "நான் ஒண்ணு கேக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். அரசமரத்தடியில் பங்குனி மாதக் கூட்டத்துக்கு உட்கார்ந்திருந்த சங்கத்து ஆட்கள் அறுபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவள் இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லை. ரவிக்கை எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இல்லை. புடவையில் கரும்புச் சோகை ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தாள். அதுவும் இல்லை. அவள் தட்டத் தட்டச் சிரிப்பு கூடியது. சங்கச் செயலாளர் தனசேகரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உக்காருங்க அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அந்த அப்புறம் அன்றைக்கு வரவில்லை. சித்திரையில் நடந்த கூட்டத்திலும் இதே கூத்துதான்.

போன புரட்டாசியில் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்ததே, அப்போது இப்படி இல்லை. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்த வீராதி வீரர்களில் பாதிப் பேர், போலீஸ் வேன் தெரிந்ததும் கரும்புக்குள் பூந்துகொண்டார்கள். சாய்ந்த மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தவள் பச்சையம்மாள். கூடவே பதினேழு பெண்கள். அன்றைக்கு அவள் விரலை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டபோது வேனில் வந்த அதிகாரிகூட வாயை மூடிக்கொண்டுதான் கேட்டார்.

இப்போது அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. மகள் மணிமொழி போன வருஷம் பத்தாவதில் நானூற்றுப் பதினொரு மார்க் வாங்கினாள். அவளைவிடக் குறைவாக வாங்கிய நாலு பையன்கள் கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள். பெண்பிள்ளைக்குத் தங்க இடம் இல்லை, போய்வரத் தோதான பஸ்ஸும் இல்லை. மணிமொழி ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அத்தைக்காரி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, ஆவணியில் முடித்துவிடலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சங்கம் ஆடி மாதம் கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்கப்போகிறது. அதில் பெண்பிள்ளைகள் ஹாஸ்டல் என்று ஒரு வரி ஏறினால் போதும், "சங்கமே கேட்டிருக்குது, பொறு" என்று கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று புருஷன் அய்யப்பன் சொல்லியிருந்தான். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் அவளை விடமாட்டேன் என்கிறார்கள்.

கரும்பு வெட்டுக்குப் போன இடத்தில் குஞ்சம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"யக்கா, நெசமாவே உனக்குத் தெரியாதா? கூத்துல உன்னத்தான் போட்டு ஆடறாங்க. சின்னதுரை இருக்கறான் பாரு, பொம்பள வேஷம் கட்றவன், அவன்தான் நீயி. சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஆடிட்டாங்க. நம்ம ஊருக்குத்தான் இன்னும் வரல, ஆனா நம்ம ஆம்பளைங்கள்லாம் அங்கங்க போயிப் பாத்துட்டாங்க."

"என்னையா?"

"உன்னையேதான். முந்தானிய இழுத்துச் சொருவிகினு, விரல மடக்கிகினு, 'நான் ஒண்ணு கேக்கறேன்'ன்றான். கோமாளி, அதான் கட்டியக்காரன், ஒரே ஓட்டமா ஓடறான். சனம் உருளுது."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் பிந்தி வந்தது. முந்திக்கொண்டு வந்தது வேறு ஒன்று. 'நான் எப்படி இருப்பேன்?' அவளுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. வீட்டுக் கண்ணாடியில் நெற்றிப் பொட்டு தெரிந்தால் பல் தெரியாது, பல் தெரிந்தால் பொட்டு தெரியாது. தான் நடப்பதையும் பேசுவதையும் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஊரே பார்த்துவிட்டது, தான் மட்டும் பார்க்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

சாயங்காலம் ஆலைக்குக் கரும்பு கொண்டுபோன மாட்டு வண்டியை அவிழ்த்துக்கொண்டிருந்த அய்யப்பனைப் பிடித்தாள்.

"யோவ், அந்தக் கூத்த நீ பாத்தியா?"

அய்யப்பன் மாட்டின் கழுத்துக் கயிற்றை ரொம்ப கவனமாக ஆராய்ந்தான். "ஆலைக்குப் போனப்ப... வழியில ஒரு நாளு..."

"நான் அப்படியா இருக்கறேன்?"

"அப்படியேதான் கீற. நான் ஒரு நிமிஷம் நீதான் மேடையேறிட்டியோன்னு பயந்துட்டேன்."

"சிரிச்சியா?"

"எல்லாருந்தான் சிரிச்சாங்க."

"நீ சிரிச்சியான்னு கேட்டேன்."

"கொஞ்சம்" என்றான் அய்யப்பன், மாட்டுக்குப் பின்னால் நின்றபடி.

அடுத்த நாள் காலை அவள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். சின்னதுரை பகலில் டெய்லர். ஜமால் முகமது ஜவுளிக்கடை வாசலில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவன். அவனை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மறியல் நாட்களில் கூத்துக்காரர்களின் வேன் புளியமரத்துக்கு இந்தப் பக்கம் மூன்று நாள் மாட்டிக்கொண்டது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் பச்சையம்மாள் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினாள். இவன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தான். குடித்துக்கொண்டே கண் கொட்டாமல் அவளைப் பார்த்ததற்கு அர்த்தம் இப்போது புரிந்தது.

அவளைக் கண்டதும் மெஷின் நின்றது. சின்னதுரை கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முப்பது வயது, மெலிந்த உடம்பு, மழித்த புருவம்.

"அக்கா..."

"ஆடிக் காட்டு."

"இங்கயாங்க? வேஷம் இல்லாம..."

"வேஷம் எதுக்கு? நான் இன்னா வேஷம் கட்டிகினா பொறந்தேன்? ஆடு."

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜமால் முகமது, விஷயத்தின் ருசி தெரிந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டார். "அந்தம்மா அம்புட்டு தூரம் வந்து கேக்கறாங்க. காட்டேம்பா. ஏவாரம் எங்கயும் ஓடிடாது."

சின்னதுரை வெட்டி வைத்திருந்த ஒரு நீலத் துணியை எடுத்துத் தோளில் போட்டான். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தான். லுங்கி கட்டிய அந்த ஆளுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை எழுந்து நின்றாள். தாடை லேசாக முன்னால் வந்தது. துணி இடுப்பில் சொருகப்பட்டது. இடது கால் ஊன்றி வலது கால் தளர்ந்தது. கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தது. பேசுவதற்கு முன்னால் அந்தப் பொம்பளை மூச்சை ஒரு தரம் இழுத்து அடக்கினாள். எதிரில் இருப்பவன் என்ன சொன்னாலும் இன்றைக்குக் கேட்காமல் போகமாட்டேன் என்கிற மூச்சு.

பச்சையம்மாள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடடா, இப்படியா இருக்கிறோம் என்று இருந்தது. அசிங்கமாக இல்லை. சொல்லப்போனால் நன்றாகவே இருந்தது. கால் ஏன் அப்படி நிற்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. கட்டு சுமந்து சுமந்து வந்த நிற்பு அது.

"சரியாத்தான் இருக்குது" என்றாள். "இதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது?"

சின்னதுரை துணியை மடித்தான். "ஒண்ணுமே இல்லீங்கக்கா. நான் சிரிக்க வெக்கணும்னு எடுக்கல. அன்னிக்கி மரத்து மேல ஒக்காந்துகினு பேசினீங்க பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. இத எப்படியாச்சும் புடிச்சிரணும்னு தோணிச்சு. எங்க கூத்து வாத்தியாருதான் கட்டியக்காரன ஓட வுட்டாரு. ஓடினதும் சனம் சிரிச்சுது. இப்ப எந்த ஊரு போனாலும் மொதல்ல அதத்தான் கேக்கறாங்க."

"நீ ஆடிட்டுப் போயிடற. நான் வாயத் தொறந்தா சிரிக்கறானுங்க. எம் பொண்ணு படிப்பு நிக்குது தம்பி." ஹாஸ்டல் கதையை அவள் சொன்னாள். சொல்லும்போது விரல் தானாக மடங்கியது. அதைத் தானே பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"வுடச் சொன்னா வுட்டுடறேன்" என்றான்.

அதற்குத்தான் வந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு கேள்வி. "ஆடியில எங்க ஊர்ல ஏரிகாத்த அம்மன் வேஷம் கட்றியே, அதுவும் பொம்பள வேஷந்தானே? அதுக்கு எவனாச்சும் சிரிக்கறானா?"

"ஐயய்யோ. அம்மனாச்சே."

"அம்மனும் எங்க ஊரு மருமவதான்யா, ஒடஞ்ச ஏரிக்கர நிக்கணும்னு உசுரோட பொதைச்சிட்டாங்க. கூத்துல அவ இன்னா பண்ணுவா?"

"அழுவுவாங்க. ஒப்பாரி வச்சிகினே ஒடஞ்ச கரையில எறங்குவாங்க."

"ஒண்ணும் கேக்க மாட்டாளா?"

"அந்த எடத்துல கேக்கற மாதிரி பாட்டு இல்லீங்கக்கா."

"எங்க ஊரு பொம்பள, உசுரோட மண்ணுல எறங்கறப்பகூட வாயத் தொறந்து ஒண்ணு கேக்காமயா எறங்கியிருப்பா?" பச்சையம்மாள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "எனக்கு நம்பிக்கை இல்ல. நீயும் யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஜமால் முகமது கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "நாயமான கேள்விதான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆடி மூன்றாம் ஞாயிறு ராத்திரி கூத்து நடந்தது. கல்வராயன் மலையில் மழை பிடித்து, ஏரிக்கு இரண்டு நாளாகச் செந்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை கடலூரில் கலெக்டர் மனு வாங்கும் நாள். கூத்து முடிந்த கையோடு மனுவை எழுதி, காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிப்பது என்று சங்கம் முடிவு செய்திருந்தது.

தொடக்கத்திலேயே அவளை ஆடினார்கள். வாத்தியார் விடவில்லை போலிருக்கிறது. சின்னதுரை மாரில் துணி அடைத்துக்கொண்டு வந்து விரலை மடக்க, கட்டியக்காரன் ஓட, ஊர் உருண்டது. பச்சையம்மாளும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். தன்னையும் மீறி ஒரு இடத்தில் சிரித்தும்விட்டாள். சிரித்தபிறகு அவள் சின்னதுரையைப் பார்க்கவில்லை, கட்டியக்காரனையே பார்த்தாள். அவன் ஓடுகிறவரைக்கும் யாருமே சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. கரையில் இறங்கிச் செத்த மருமகள், விடியும்போது அம்மனாக எழுந்து ஏரிக்கரைக்கு வருவாள். ஊர் முழுக்க எதிரில் நிற்கும். அவள் மூன்று கேள்வி கேட்பாள். நாட்டாமை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் சார்பாகப் பதில் சொல்ல வேண்டும். வேஷம் கட்டியிருப்பது டெய்லர் என்று தெரிந்தாலும் சரி, அந்த நேரத்தில் அம்மன் கேட்டதற்குப் பதில் இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

"கரையக் காத்தீங்களா?" 

"காத்தோம் தாயே."

"மடையக் காத்தீங்களா?"

"காத்தோம் தாயே."

"பயிரக் காத்தீங்களா?"

"காத்தோம் தாயே."

நாட்டாமை துண்டை அவிழ்க்கக் கை வைத்தார். அம்மன் போகவில்லை. தாடை லேசாக முன்னால் வந்தது. செம்பட்டு முந்தானை இடுப்பில் சொருகப்பட்டது. இடது கால் ஊன்றியது.

"நான் ஒண்ணு கேக்கறேன்" என்றது அம்மன்.

ஆம்பிளைகள் பக்கம் பழக்கதோஷத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் தொண்டையிலேயே நின்றது. ஒருவன் தலையில் அவன் அம்மாவே ஓங்கி ஒரு போடு போட்டாள். உறுமி மேளக்காரன் கோலைத் தூக்கியபடி அப்படியே நின்றான்.

"என்னைய மண்ணு போட்டு மூடினீங்களே, மூடறதுக்கு முன்ன ஒரு வார்த்த என்னக் கேட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு நாட்டாமைக்குப் பதில் மனப்பாடம் இல்லை. "கேக்கல தாயே" என்றார் கடைசியில்.

"ஆம்பளப் புள்ளைங்க கள்ளக்குறிச்சியில தங்கிப் படிக்குது. என் பொண்ணுங்க எங்க தங்கும்?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடங்கியது.

நாட்டாமை தனசேகரனைப் பார்த்தார். தனசேகரன் தரையைப் பார்த்தான். "கலெக்டருகிட்ட கேட்டு வாங்கறோம் தாயே" என்றார் நாட்டாமை. கற்பூரம் ஏற்றினார்கள். அறுபது ஆம்பிளைகளும் மண்ணில் நெற்றி பட விழுந்தார்கள்.

பச்சையம்மாளுக்கு ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. மணிமொழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல மெல்ல, கற்பூரம் அணைவதற்குள்ளாகவே, அவளுக்கு வயிறெரிய ஆரம்பித்தது. அவளுடைய வார்த்தை, அவளுடைய விரல், அவளுடைய கால். கும்பிடு மட்டும் வேறு ஒருவனுக்கு.

ஓலைத் தடுப்புக்குப் பின்னால் சின்னதுரை கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் டெய்லர்.

"சரியா பண்ணேனாக்கா?" ஆசையாகக் கேட்டான்.

"சரியாத்தான் பண்ண. நான் கேட்டா சிரிக்கறான். என்னைய மாதிரி நீ கேட்டா வுழுந்து கும்புடறான். இது இன்னா நாயம்?"

சின்னதுரை எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தான். "எனக்கும் தெரியலீங்க. இப்ப வுழுந்து கும்புட்டாங்க இல்ல, இதே ஆளுங்க நாளைக்கி கடைவீதியில என்னப் பாத்தா இடுப்ப ஆட்டிக் காமிப்பாங்க. பொண்ணு குடுக்கறேன்னு வந்தவங்க ரெண்டு பேரு திரும்பிப் போயிட்டாங்க. அரிதாரம் இருக்கற வரைக்குந்தான் எல்லாம்."

இது அவள் நினைத்துப் பார்க்காத விஷயம். அவனுடைய மழித்த புருவத்தைப் புதிதாகப் பார்த்தாள். எரிச்சல் போகவில்லை, ஆனால் அது அவன்மேலிருந்து நகர்ந்துவிட்டது. பழைய வேட்டித் துண்டை எடுத்து, அவனுக்குக் கை எட்டாத பின்கழுத்துச் சிவப்பை அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"என்னைய ஆடறத வுடாத" என்றாள். "நல்லாத்தான் ஆடற. ஆனா உங்க வாத்தியாருகிட்ட சொல்லு, கட்டியக்காரன் ஓடக்கூடாது. நின்னு பதில் சொல்லணும்."

"பதில் சொன்னா சனம் சிரிக்காதேக்கா."

"இன்னா சொல்றான்னு பாப்போமே. எனக்கும் தெரிஞ்சிக்கணும்."

அரசமரத்தடியில் மனு தாளில் ஏறிக்கொண்டிருந்தது. எழுதுபவள் மணிமொழி, அவள் கையெழுத்துதான் ஊரிலேயே அழகு. மூன்று கோரிக்கைகள் முடிந்திருந்தன.

"நாலு" என்றான் தனசேகரன். "அருள்மிகு ஏரிகாத்த அம்மன் உத்தரவுப்படி, பெண்பிள்ளைகளுக்கு..."

"இருப்பா" என்றார் நாட்டாமை. "அம்மன் உத்தரவுன்னு எழுதினா கலெக்டர் சிரிக்க மாட்டாரு?"

எல்லோரும் யோசித்தார்கள். படித்த ஆபீசர். பக்கத்தில் குமாஸ்தாக்கள் வேறு நிற்பார்கள். கூத்துல அம்மன் வந்து கேட்டாங்களா என்று அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் காட்சி அத்தனை பேர் கண்ணிலும் தெரிந்தது.

"அப்ப இந்த வாட்டி அந்த வரி வேணாம்" என்றான் தனசேகரன். "அடுத்த மனுவுல பாத்துக்கலாம். அம்மன் கோச்சிக்காது." மணிமொழி பேனாவைத் தூக்கிவிட்டாள்.

பச்சையம்மாள் ஓலைத் தடுப்பிலிருந்து நேராக வந்தாள். கையெல்லாம் எண்ணெயும் சிவப்பும். "கலெக்டரு சிரிச்சா இன்னாயா ஆவும்?"

"மானம் போவாதா அண்ணி? நாலு பேரு எதுருல..."

"ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு வாட்டி சிரிப்பானோன்னு உங்களுக்கு இப்பவே வயித்தக் கலக்குது. என்னப் பாத்து அறுபது பேரு சிரிச்சீங்களே, நாலு மாசமா."

ஒருவன் சிரிக்க வாயெடுத்து, பக்கத்தில் யாரும் சேரவில்லை என்று கண்டு, இருமலாக முடித்துக்கொண்டான். அய்யப்பன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மன் பேரு எதுக்கு? அவ பாவம், செத்தவ. கேக்கறது நானு. எம் பேர எழுது புள்ள."

மணிமொழி யாருடைய முகத்தையும் பார்க்காமல் எழுதினாள். தனசேகரன் தடுக்கவில்லை. எழுதி முடித்ததும், "அப்ப நீங்களும் வரணும் அண்ணி. ஏன்னு கேட்டாருன்னா நீங்கதான் சொல்லணும்" என்றான்.

"வரேன்."

வீட்டுக்குப் போய் முகம் கழுவி, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு அவள் ரோட்டுக்கு வந்தபோது, அய்யப்பன் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தான். ஏதோ சொல்ல வருகிறான், சொல்ல வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தூரத்தில் பஸ் தெரிந்ததும் சொல்லிவிட்டான்.

"அங்கயும் சிரிச்சாங்கன்னா இன்னா பண்ணுவ?"

"சிரிச்சு முடிக்கட்டும். எவ்ளோ நேரம் சிரிப்பாங்க? நான் நின்னுகினு இருப்பேன்" என்றாள் பச்சையம்மாள்.

பஸ்ஸில் கூட்டம் இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.